ஊதினால் பூஜ்யம்

என்னைப் போய் எவனாவது குடிகாரன் என்று சொல்லட்டும், பார்க்கலாம். காலையில் பத்தேகாலுக்கு டியூட்டிக் கையெழுத்துப் போடுமுன், மூச்சில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்கிற அந்த மிஷினில் ஊதினேன். பூஜ்யம். நேற்று ஊதினேன், பூஜ்யம். இருபத்திரண்டு வருஷமாக ரயில் ஓட்டுகிறேன், ஊதிய ஊதெல்லாம் பூஜ்யம். மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் என் போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள், கீழே ‘மாதிரி ஓட்டுநர் வே. தில்லைநாயகம்’ என்று எழுதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி, இவர் கல்யாண வீட்டுப் பாயசம் தவிர வேறெதையும் குடித்ததில்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். பொய்யா என்ன? சாராயமோ பிராந்தியோ ஒரு சொட்டு இந்த நாக்கில் பட்டதில்லை. இப்போது நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிற இனிப்பு வேறு. இது மருந்து. இருமல் மருந்து. பாட்டிலில் லேபிள் இருக்கிறது, லேபிளில் எத்தனை ஸ்பூன் என்று போட்டிருக்கிறது. கரிசல்மேட்டில் வண்டி நின்ற நாலு நிமிஷத்தில் என் அசிஸ்டென்ட் அமுதவல்லி இன்ஜினைச் சுற்றிப் பார்க்க இறங்கினாள். அவள் அந்தப் பக்கம் போவதற்கும் நான் பையைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது. பாதிதான் குடிப்பேன் எப்போதும். பாதி இப்போது, பாதி டியூட்டி இறங்கியதும். ஆனால் இன்றைக்கென்று அவள் சீக்கிரம் திரும்பிவிட்டாள், படியில் ஷூ சத்தம் கேட்டது, மூடியைக் காணோம், காலுக்கடியில் எங்கோ உருண்டு போய்விட்டது, மிச்சத்தையும் அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டேன். காலிப் பாட்டிலைச் சோற்று டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டு நிமிர்ந்தபோது அவள் ‘எல்லாம் ஓகே சார்’ என்றாள். நானும் ‘ஓகே’ என்றேன். பதினைந்து நிமிஷம் ஆகிறது.

வண்டி நூறில் போகிறது. பின்னால் பதினேழு பெட்டி, மதிய நேரத்து வெயில், இரண்டு பக்கமும் வேலிக்கருவை. வேலாங்குளம் இன்னும் கொஞ்ச தூரம். வயிற்றிலிருந்து சூடு கிளம்பி மேலே வருகிறது, பிடரியில் யாரோ வெந்நீர்த் துணியை வைத்த மாதிரி. நல்லாத்தான் இருக்கிறது, அதுதான் பயமாயிருக்கிறது. இன்றைக்கு ரொம்ப நல்லாயிருக்கிறது. மூக்கு அரிக்கிறது, மருந்து ஏறினால் இப்படித்தான். சொறியக் கூடாது. சொறிந்தால் அமுதா திரும்பிப் பார்ப்பாள். அமுதா பார்க்கமாட்டாள், அவள் எதையும் சந்தேகப்படுகிறவளில்லை, முப்பத்தாறு வயசில் ரெண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வண்டியேறுகிறவளுக்கு என் மூக்கைப் பார்க்க நேரமேது. இருந்தாலும் சொறியக் கூடாது. நிமிஷத்துக்கு ஒருமுறை இந்தப் பித்தானை அமுக்கவேண்டும், அமுக்காவிட்டால் டிரைவர் செத்தானோ தூங்கினானோ என்று வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அமுக்கினேன். நான் அமுக்கினேனா, விரல் அமுக்கியதா? யார் அமுக்கினால் என்ன, வண்டிக்கு ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். போன வாரம் விரல் அமுக்கிக்கொண்டேயிருக்க நான் என் கல்யாண நாளுக்குப் போய்விட்டு வந்தேன், பந்தலில் மழை ஒழுகியது வரை பார்த்துவிட்டு வந்தேன், திரும்பி வந்தபோது நாலு கிலோமீட்டர் தாண்டியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது. இந்தத் தடத்தில் எனக்குத் தெரியாத கல் உண்டா?

போதைக்காரன் என்றால் எப்படியிருப்பான் என்று எனக்குத் தெரியும். பார்த்திருக்கிறேன். பிளாட்பாரக் கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடப்பார்கள், சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருப்பார்கள், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள். நான் தினமும் சவரம் செய்கிறேன். சட்டையை நானே இஸ்திரி போடுகிறேன், என் மனைவி சொர்ணம் போட்டால் கையில் மடிப்பு சரியாக விழாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே இருமல் வந்தது, கரிசல் புழுதி, நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார், நானா கேட்டேன்? ரெண்டு ஸ்பூன். அன்றைக்கு ராத்திரி மாதிரி நான் வாழ்க்கையில் தூங்கியதில்லை. மறுநாள் எழுந்தபோது எவன் மேலும் கோபமில்லை. இருபது வருஷமாக ஒரு சிக்னலைத் தவறவிட்டுவிடுவேனோ என்று அடிவயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை, மாதிரி ஓட்டுநர் போய் எனக்குப் பயமாயிருக்கிறது என்று யாரிடம் சொல்வது? அந்தக் கல்லை இந்த மருந்து கழற்றி வைத்துவிட்டது. இருமல் பத்து நாளில் போய்விட்டது, பாட்டில் போகவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கமாட்டார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். யூனிபார்மோடு போனேன், சீட்டைக் கேட்கவே இல்லை. அந்த மருந்துக் கடைக்கார அம்மா எனக்கு முன்னால் நின்ற ரெண்டு பையன்களை விரட்டிவிட்டு, ‘போதைக்கு வாங்குறானுங்க சார், நாங்க குடுக்கிறதில்ல. உங்களுக்கு வண்டித் தூசி, பாவம்’ என்று பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘குடுக்காதீங்கம்மா, ஊரே கெட்டுப்போச்சு’ என்றேன். மனசாரச் சொன்னேன். இப்போது ஏழு ஊரில் ஏழு கடை. ஒரே கடையில் வாங்கினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இருமலைத்தான் விட முடியவில்லை. மருந்து குடிக்கிறவனுக்கு இருமல் வேண்டாமா? அதனால் இருமினேன். சொர்ணத்துக்காக இருமினேன், அமுதாவுக்காக இருமினேன், கடைக்கார அம்மாளுக்காக வாசற்படியிலேயே ஆரம்பித்து இருமிக்கொண்டே போனேன். சொர்ணம் ஆடாதோடை இலையைக் கொதிக்க வைக்கிறாள், அதிமதுரத்தை இடிக்கிறாள், கையைப் பிடித்து இழுத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தாள், சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வருகிற வரைக்கும் மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறாள், என் இருமலுக்கு! அடிப்பாவி, இல்லாத இருமலுக்குப் பட்டினி கிடக்கிறாயே என்று அழுகை வரும், அழுகை வந்தால் ரெண்டு மடக்குக் குடிப்பேன், நின்றுவிடும். போன ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள், ‘ஏங்க, நீங்க தூக்கத்துல மட்டும் இருமுறதே இல்லையே, ஏன்?’ நான் பேப்பரைப் புரட்டினேன். ‘படுத்தா அடங்கிடுது’ என்றேன். படுத்தால் இருமல் அதிகமாகும், அடங்காது, அது யாருக்குத்தான் தெரியாது. அவள் மீனைக் கழுவினாள், இன்னொரு தண்ணீர் மாற்றி மறுபடியும் கழுவினாள். தெரிந்துவிட்டதா அவளுக்கு? தெரிந்திருந்தால் கத்தியிருப்பாள். சொர்ணம் கத்துகிற ஆள். கத்தாமல் இருப்பதுதான் என்னை அரித்துக்கொண்டேயிருக்கிறது. பித்தானை அமுக்கினேன்.

நல்லபெருமாள் கத்தினான். ஊதும் மிஷினில் சிவப்பு வந்த அன்றைக்கு. என்னோடு பயிற்சிக்கு வந்தவன், ஒரே ரூமில் படுத்தவன், என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவன். முந்தின நாள் தங்கச்சி வீட்டுக் காதுகுத்தில் குடித்தது இறங்கவில்லை. ‘தில்லை, அரை மணி நேரம் குடுக்கச் சொல்லுடா, வெந்நீர் குடிச்சிட்டு இன்னொரு தடவை ஊதுறேன், நீ சொன்னா கேப்பாங்க’ என்று என் சட்டையைப் பிடித்தான். நான் சொன்னால் கேட்டிருப்பார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான். ஆயிரம் உயிர் விஷயம், நட்பு பார்க்க முடியாது என்று சொன்னேன், பக்கத்தில் நின்றவர்கள் தலையசைத்தார்கள், எனக்கு அந்தத் தலையசைப்பு பிடித்திருந்தது. அவன் என் சட்டையை விட்டுவிட்டுச் சொன்னான், ‘நீ நல்லவன்டா தில்லை, இல்லேங்கல. ஆனா நல்லவனா இருக்கிறதை ரொம்ப ருசிச்சுச் சாப்பிடுறடா.’ குடிகாரன் பேச்சு என்று எல்லாரும் சிரித்தார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் ஏஜென்டாக இருக்கிறானாம். குடியை நிறுத்திவிட்டான் என்று கேள்வி. ஒளித்துக் குடிக்கவில்லை அவன், அதனால் நிறுத்த முடிந்தது. நிறுத்துவதற்கு முதலில் குடிக்கிறேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், நான் எதை ஒத்துக்கொள்வது, எனக்குத்தான் இருமலாயிற்றே... ‘டிஸ்டன்ட் கிரீன்’ என்றேன். ‘டிஸ்டன்ட் கிரீன்’ என்றாள் அமுதா. நல்லபெருமாளுக்கு அன்றைக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, பூஜ்யம் வந்திருக்கும், பூஜ்யம் வந்தால் அவனும் என்னைப் போல...

கிரீனா?

சொன்னேன். சொன்ன சத்தம் காதில் இருக்கிறது. பார்த்தேனா? வேலாங்குளத்துக்குள் நுழைகிற சிக்னல் பச்சையா சிவப்பா என்று ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிற சிக்னல் அது, அதுதான் டிஸ்டன்ட், அது மஞ்சளாயிருந்தால் அடுத்தது சிவப்பு, நின்றாக வேண்டும். அந்தக் கம்பத்தைத் தாண்டி வந்துவிட்டோம். கம்பம் நினைவில் இருக்கிறது. கம்பத்துப் பக்கத்துப் புளியமரம் நினைவில் இருக்கிறது. விளக்கு? பச்சை ஒன்று கண்ணுக்குள் தெரிகிறது, ஆனால் அது இன்றைய பச்சையா, நேற்றையதா, இருபத்திரண்டு வருஷத்துப் பச்சையில் எந்தப் பச்சை? இந்தக் கம்பத்தில் நூறில் தொண்ணூற்றைந்து நாள் பச்சைதான், வாய்க்குப் பழக்கம், புளியமரத்தைக் கண்டதும் வாய் சொல்லிவிட்டது. அமுதா சொன்னாளே. அமுதாவும் பார்த்துத்தானே சொன்னாள். முறைப்படி அசிஸ்டென்ட்தான் முதலில் சொல்லவேண்டும், டிரைவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும், நாலு கண்ணும் பார்க்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. என் வண்டியில் மட்டும் நான் முந்திக்கொள்வேன். என் கண் கூர்மை என்று காட்ட வேண்டாமா? புதிதில் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன், அவள் ‘எப்படி சார் இவ்வளவு தூரத்துல தெரியுது’ என்பாள், எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ‘அமுதா’ என்றேன், ‘டிஸ்டன்டை நீ பார்த்தியாம்மா?’ அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ‘நீங்க சொன்னீங்களே சார்’ என்றாள். ‘நீ பார்த்தியா?’ ‘நீங்க சொன்னீங்களேன்னுதான்...’ அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

முன்னால் வளைவு. கருவேலங்காடு மறைக்கிறது, வளைவு தாண்டினால்தான் அடுத்த சிக்னல் கண்ணில் படும், பட்டபின் நிறுத்த இடம் போதாது. இருபது விநாடி இருக்குமா? பச்சையாகத்தான் இருக்கும், தொண்ணூற்றைந்து, எப்போதும் பச்சைதான். இப்போது பிரேக் போட்டால் காரணம் சொல்லவேண்டும். வண்டியில் எல்லாம் பதிவாகிறது, எந்த விநாடியில் கை வைத்தேன் என்பதுவரை. காரணமில்லாமல் நூறில் போகிற வண்டியை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், உட்காரவைத்துக் கேட்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், ரத்தம் மூச்சுக் காற்று மாதிரியில்லை, ரத்தத்தை ஏமாற்ற முடியாது. போடாதே. பச்சைதான். சிவப்பாயிருந்தால்? வேலாங்குளத்தில் மூன்று மணிக்கு எதிரே வருகிற வண்டியை நிறுத்தி வைப்பார்கள், சில நாள் இதே லைனில்கூட... இல்லை, எப்போதோ ஒருநாள். மோதினால் என்ன ஆகும்? பேப்பரில் போட்டோ போடுவார்கள், எந்தப் போட்டோவைப் போடுவார்கள், சுவரிலிருக்கிற அதே போட்டோவைத்தான் கேட்டு வாங்கிப் போடுவார்கள், மாதிரி ஓட்டுநர் என்று அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்... அடச்சீ! சீ! பின்னால் பதினேழு பெட்டி ஜனம் உட்கார்ந்திருக்கிறது, எனக்குப் போட்டோ ஞாபகம் வருகிறதே! எந்தப் பெட்டியிலோ ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், எவனோ கதவோரம் நின்று காற்று வாங்குவான், அவர்கள் ஞாபகம் வருவதற்கு முன்னால் என் மூஞ்சி வந்துவிட்டதே, நான் என்ன ஜென்மம்? கை போய்விட்டது. பிரேக்கைக் கடைசிவரை இழுத்துவிட்டது. அமுதா ‘சார்!’ என்று முன்னால் சாய்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். அடியில் இரும்பு கத்தியது. மருந்தெல்லாம் எங்கே போயிற்றோ, பழைய பயம் அத்தனையும் ஒரே வீச்சில் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது, எழுபது, ஐம்பது, முப்பத்தைந்து, வளைவு விலகுகிறது, காடு விலகுகிறது, சிக்னல் கம்பத்தின் கால் தெரிகிறது, மேலே பார்க்கப் பயமாயிருக்கிறது, பார்த்தேன்.

பச்சை. பளிச்சென்று, பகல் வெயிலிலும் கண்ணைக் குத்துகிற பச்சை. கம்பத்துக்கு நூறடி முன்னால் வண்டி நின்றது. அமுதா மாரில் கையை வைத்துக்கொண்டு ‘கிரீன் சார், கிரீன்தான் சார்’ என்று அழுகிற குரலில் சொன்னாள். அப்புறம் வேறொரு குரலில், என்னைப் பார்க்காமல், ‘ரெண்டு வருஷமா உங்க வாயைத்தான் சார் பார்த்திருக்கேன், ஒரு நாளும் சிக்னலைப் பார்த்ததில்ல’ என்றாள். வாக்கி டாக்கி கரகரத்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு ஜெபசிங். ‘தில்லை சார், என்ன சார் ஆச்சு? மாடா?’ அமுதா சட்டென்று என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள், ‘மாடுன்னு சொல்லிடுங்க சார். இந்தப் பக்கம் தினமும் வருது. நானும் பார்த்தேன்னு எழுதித் தர்றேன்.’ நல்ல மனசுக்காரி. மாடு என்று சொன்னால் முடிந்தது. சமயத்தில் வண்டியை நிறுத்தி விபத்தைத் தவிர்த்தார் என்று இன்னொரு சான்றிதழ்கூடக் கொடுத்துவிடுவார்கள், கொடுத்தாலும் கொடுப்பார்கள். பையில் காலிப் பாட்டில் இருக்கிறது, சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் தூக்கியெறியலாம், நாளைக்குக் குறைத்துக்கொள்ளலாம், நாளைக்குப் பாதி, அடுத்த வாரம் கால்... வாக்கி டாக்கியை எடுத்தேன். ‘மாடு இல்ல ஜெபா’ என்றேன். ‘டிஸ்டன்ட் சிக்னலை நான் பார்க்கல.’

அவன் சிரித்தான். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தான். ‘நீங்களா? சும்மா இருங்க சார். வேற எவனாவது சொன்னா நம்பலாம். எதுத்தாப்புல கிரீன்தான நிக்குது, எடுங்க சார், லேட்டாகுது. நான் மாடுன்னே எழுதிக்கிறேன்.’ இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்த பெயர், நான் கீழே விழுந்தாலும் விடமாட்டேன் என்று தாங்கிப் பிடிக்கிறது. ‘ஜெபா, விளையாட்டில்ல, நான் பார்க்கல’ என்றேன். குரல் மாறிவிட்டது அவனுக்கு. ‘உடம்பு சரியில்லையா சார்?’ என்றான், அவ்வளவு அன்பாக. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கைத்தாங்கலாக இறக்கி, காரில் ஏற்றி, சொர்ணத்திடம் ஒப்படைத்துவிட்டு, நல்லா கவனிச்சுக்கங்கம்மா, ரொம்ப உழைச்சிட்டார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொர்ணம் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனபின் என்னைப் பார்ப்பாள், கத்தமாட்டாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாக்கி டாக்கிப் பித்தானை அமுக்கினேன், சத்தியமாக. ‘உடம்புக்கு ஒண்ணுமில்ல’ என்று வந்தது. ‘போதையில இருக்கேன், ஜெபா. வேற டிரைவரை அனுப்பச் சொல்லு. இந்த வண்டியை நான் எடுக்க மாட்டேன்.’

அமுதாவின் கையிலிருந்து பிளாஸ்க் நழுவி உருண்டது. அவள் எடுக்கவில்லை. நான்தான் குனிந்து எடுத்துப் பலகைமேல் வைத்தேன். பின்னால் பெட்டிகளிலிருந்து ஜனங்கள் இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து இன்ஜின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூக்கைச் சொறிந்தேன், நன்றாகச் சொறிந்தேன். அப்புறம்தான் ஜெபசிங், ‘சார், என்ன பேசுறீங்க, இது ஸ்டேஷனுக்கெல்லாம் கேக்கும் சார்’ என்று ரகசியம் பேசுகிறவனைப் போலச் சொன்னான், அதுவும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். ‘கேக்கட்டும்’ என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, இன்னொரு குரல் குறுக்கே வந்தது, வயசான அதட்டல் குரல். ‘வேலாங்குளம் ஸ்டேஷன் மாஸ்டர் பேசுறேன். யாருய்யா அது லைன்ல? யாரு டிரைவர்?’

‘தில்லைநாயகம்’ என்றேன்.

‘எந்தத் தில்லைநாயகம்?’ அப்புறம் குரல் இறங்கிவிட்டது. ‘நம்ம தில்லைநாயகமா?’

‘ஆமாய்யா’ என்றேன். ‘அவனேதான்.’